கோசு ராணி

ஓல்டன்பர்க் நகரத்தில் பேச்சுக்கு வரி போட்டிருக்கிறார்களோ என்ற சந்தேகம், குடிவந்த முதல் வாரமே சென்சிக்கு வந்துவிட்டது. காலையில் பார்த்தால் வணக்கத்துக்கு ‘மொய்ன்’ என்கிறார்கள். மத்தியானமும் மொய்ன்தான். விளக்கு வைத்த பிறகு மாடிப்படியில் எதிரே வந்தாலும் அதே மொய்ன். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. யாராவது அதையே சேர்த்தாற்போல ‘மொய்ன் மொய்ன்’ என்று இரண்டு தடவை சொல்லிவிட்டால், அந்த ஆள் வாயாடி என்று முடிவு கட்டுகிற ஊர் அது.

சென்சி பிறந்து வளர்ந்தது நாட்டின் தெற்கு மூலையில், மூன்று ஆறுகள் கூடுகிற பாஸாவில். முழுப் பெயர் கிரெசென்சியா ஹூபர். அந்த நீளத்தில் அவளைக் கூப்பிட்டவர் ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார் ஒருவர்தான். மற்ற எல்லாருக்கும் அவள் சென்சி. பாஸாவில் ரொட்டி வாங்கப் போனால் ரொட்டியோடு ஊர்க்கதை பாதியும் சேர்ந்து வரும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளின் மாமியார் சமாசாரம் இறங்குவதற்குள் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து அவள் கிளம்பி வந்ததற்குக் காரணம் கட்டின புருஷன். அவன் அவளை விட்டுவிட்டு அதே தெருவில், நாலு வீடு தள்ளி, இன்னொருத்தியோடு குடித்தனம் போட்டான். தினமும் காலையில் அதே ரொட்டிக் கடை வாசலில் இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க வேண்டியிருந்தது. ஐம்பதைத் தொடப்போகிற வயதில் ஒரு மனுஷி எவ்வளவுதான் பொறுப்பாள்? வேலைக்கு ஆள் தேவை என்று விளம்பரம் வந்த ஊர்களில் எது ரொம்பத் தூரமோ அதைத் தேடிப் பிடித்தாள். அதற்கு அப்பால் போனால் கடல்.

காது மந்தமானவர்களுக்குக் கருவி பொருத்துவது அவள் தொழில். பாஸாவில் ரூப்பெர்ட் என்பவர் கடையில் இளவயதிலிருந்து செய்த வேலை. இங்கே எல்கே ஹார்ம்ஸ் என்ற அம்மாள் வைத்திருந்த கடையில் சேர்ந்தாள். முன்னால் வாடிக்கையாளர்களை வரவேற்று உட்காரவைக்க வீப்கே என்ற சின்ன வயதுப் பெண். பின்னால் இருந்த பட்டறையில், காதுக்குள் வைக்கிற அச்சுகளை வார்த்து மெருகு போட்டுக்கொண்டு ஓக்கோ. ஏதோ ஒரு தீவிலிருந்து பல வருஷத்துக்கு முன் வந்த மனிதர். வாசல்படியில் குனிந்து வருகிற உயரம். வாயை மட்டும் அந்தத் தீவிலேயே மறந்து வைத்துவிட்டு வந்தவர் என்று சென்சி நினைத்துக்கொண்டாள். எல்லாரும் அவளை ‘ஹூபரம்மா’ என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். மரியாதைக்குக் குறைவே இல்லை. அதுதான் அவளுக்கு வலித்தது.

வேலை நேரத்திலும் அப்படித்தான். ஒரு பெரியவருக்குப் புதுக் கருவியை மாட்டிவிட்டு, எப்படிக் கேட்கிறது என்று கேட்டால், ‘ம்’ என்பார். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டுக் கேட்டாலும் அதே ‘ம்’. கூட வந்த மனைவி, இவருக்கு முன்னாலேயே நன்றாகத்தான் கேட்டது, பதில்தான் வராது என்று சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைப்பாள். சென்சி விழுந்து விழுந்து சிரிப்பாள். அவள் ஒருத்திதான் சிரிப்பாள். காலையில் கடைக்கு வந்ததும் நேற்று சாயங்காலம் சந்தையில் என்ன பார்த்தாள், பக்கத்து வீட்டுப் பூனை என்ன பண்ணியது என்று ஆரம்பித்து அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பாள். எல்கே தலையை ஆட்டுவாள். வீப்கே கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பட்டறையிலிருந்து எந்திரம் ஓடுகிற சத்தம் வரும். சுவருக்குச் சொல்லியிருந்தால் சுவராவது எதிரொலித்திருக்கும் என்று வீட்டுக்குப் போனதும் தோன்றும்.

இதெல்லாம்கூடப் போகட்டும். சைக்கிள் விஷயம்தான் அவள் மனசைக் கெடுத்தது.

கடைக்குப் பின்னால் சின்ன முற்றம். கடையின் அடுக்களை ஜன்னலுக்குக் கீழே சுவரோரமாகச் சென்சி தன் சைக்கிளை நிறுத்துவாள். கதவைத் திறந்தால் கைக்கெட்டுகிற இடம். வந்த புதிதில் ஒரு சாயங்காலம் வெளியே வந்து பார்த்தால் சைக்கிளைக் காணோம். திருட்டுப் போய்விட்டது என்று பதறி ஈரத் தரையில் அங்கும் இங்கும் ஓடினால், முற்றத்தின் கடைசியில், குப்பைத்தொட்டிகளுக்குப் பின்னால், ஒரு தகரக் கொட்டகைக்குள் நின்றுகொண்டிருந்தது. யாரோ வேலை மெனக்கெட்டு எடுத்துப் போய் வைத்திருக்கிறார்கள். மறுநாள் பழைய இடத்திலேயே நிறுத்தினாள். இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் மறுபடியும் கொட்டகைக்குப் போய்விட்டது. பூட்டிப் பார்த்தாள். பூட்டோடு தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். டிசம்பரில் ஒரு நாள் சைக்கிள் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் உட்காருகிற இருக்கையில் கறுப்புக் குப்பைப் பை ஒன்றை மாட்டி, கீழே முடிச்சும் போட்டிருந்தார்கள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அழுதாள். உன் இடம் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் என்று இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது என்று அவளுக்குப் பட்டது. சுவரோரம் தனக்கு வேண்டும் என்று வீப்கே செய்கிற வேலையாக இருக்கும் என்று ஊகித்தாள். உலகத்தில் உள்ளதையெல்லாம் பேசுகிற சென்சி இதை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டு, ஆமாம் நான்தான் என்று பதில் வந்துவிட்டால் அப்புறம் என்ன செய்வது? மறுநாள் காலையில் விடாப்பிடியாகச் சைக்கிளைக் கொண்டுபோய் அதே சுவரில் சாத்தினாள். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். தனிமை அதைவிடப் பொல்லாத காமாலை.

பிப்ரவரி பிறந்ததும் பாஸாவிலிருந்து ரூப்பெர்ட் போனில் கூப்பிட்டார். அவர் கூப்பிட்டால் முதலில் ஊர்ச் செய்தி முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். இந்தத் தடவை ஊர்ச் செய்திதான் விஷயம். அவளுடைய பழைய புருஷனும் அந்தப் பெண்ணும் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு எல்லை தாண்டி ஆஸ்திரியாவுக்கே போய்விட்டார்களாம்.

“இனிமே உனக்கு அங்க என்னடி வேலை? உன் நாற்காலி அப்படியே காலியா கெடக்கு,” என்றார் ரூப்பெர்ட். “அடுத்த வாரம் ஒரு பையன் அந்த வேலைக்குக் கேட்டு வர்றான். திங்கக்கிழமை மத்தியானம் கூப்பிடறேன். வரேன்னு ஒரு வார்த்தை சொல்லு, அவனைத் திருப்பி அனுப்பிடறேன்.”

அவளுக்கு அப்போதே சொல்லிவிட வேண்டும்போல இருந்தது. ஆனால் எல்கேயிடம் முதலில் சொல்வதுதான் மரியாதை. கிரெசென்சியா ஹூபருக்கு வாய் நீளமே தவிர மரியாதை தெரியாதவள் இல்லை. சனிக்கிழமை எல்லாரும் சேர்ந்து கோசுப் பயணம் போகப்போவதாக எல்கே சொல்லியிருந்தாள். அங்கே சாப்பாடு முடிந்ததும் காப்பி நேரத்தில் சொல்லிவிடலாம் என்று தீர்மானித்தாள்.

கோசுப் பயணம் என்றால் என்ன என்று கேட்டதற்கு, நடப்போம், சாப்பிடுவோம், நல்ல ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள் என்று பதில் வந்தது. அந்த ஊர்க் கணக்கில் அது நீண்ட விளக்கம்.

சனிக்கிழமை மத்தியானம் ஊருக்கு வெளியே, வாய்க்கால் ஓரத்துச் சாலையில் கூடினார்கள். கடைக்காரர்களோடு பக்கத்து ரொட்டிக் கடைக் குடும்பம், மேல்மாடிப் பல் டாக்டர், அவர் வீட்டுக்காரி என்று இருபது பேர் இருக்கும். நிலம் கண்ணுக்கெட்டின தூரம் தட்டையாகக் கிடந்தது. புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. ஒரு கைவண்டியில் சாராயப் பாட்டில்களை அடுக்கி இழுத்துக்கொண்டு வந்தார் ஓக்கோ. ‘மொய்ன்’ என்றார். பிறகு கோட்டுப் பையிலிருந்து, கயிறு கட்டின குட்டிக் கண்ணாடிக் கோப்பை ஒன்றை எடுத்து, ஒன்றும் சொல்லாமல் அவள் கழுத்தில் மாட்டிவிட்டார். எல்லார் கழுத்திலும் அதுபோல ஒன்று தொங்கியது. கை விறைக்கிற குளிரில் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நடக்க முடியாதல்லவா.

இரண்டு கட்சியாகப் பிரிந்து, சாலையில் கனமான ஒரு பந்தை உருட்டி எறிந்துகொண்டே நடந்தார்கள். யார் பந்து வாய்க்காலில் விழுகிறதோ அவர்களுடைய கட்சி ஒரு கோப்பை குடிக்க வேண்டும். விழாத கட்சி என்ன செய்யும் என்று சென்சி கேட்டாள். அவர்களும் குடிப்பார்கள் என்றாள் வீப்கே, முகத்தை மாற்றாமல். சென்சி எறிந்த பந்து முதல் தடவையே வாய்க்காலுக்குப் போயிற்று. இரண்டாம் தடவையும் போயிற்று. ஓக்கோ நீளக் கம்பில் மாட்டின கூடையால் தண்ணீரைத் துழாவி இரண்டு தடவையும் பந்தை எடுத்து, கோட்டில் துடைத்து அவள் கையில் கொடுத்தார். அடுத்த தடவை கொஞ்சம் இடது பக்கம் பார்த்து எறியுங்கள் என்றுகூட யாரும் சொல்லவில்லை. சென்சி மட்டும், தங்கள் ஊரில் மலை இருப்பதால் பந்து தானாகக் கீழே வரும், இங்கேதான் அதற்குப் போக்கிடம் தெரியவில்லை என்று பேசிக்கொண்டே நடந்தாள். கடைசித் தடவையாகத்தானே பேசுகிறோம், பேசிவிட்டுப் போவோம் என்று நினைத்தாள்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு ஒரு கிராமத்துச் சாப்பாட்டு விடுதிக்கு வந்து சேர்ந்தார்கள். உள்ளே கணப்பு எரிந்தது. நீள மேஜை. உட்கார்ந்த உடனே சாப்பாடு வந்தது. கோசுக்கீரை என்றால் இலை சுருண்டு சுருண்டு இருக்கிற ஒரு வகை. உறைபனி விழுந்த பிறகுதான் அதற்கு ருசி ஏறும். அதைக் கொழுப்போடு பல மணி நேரம் வேகவைத்து மலைபோலக் குவித்திருந்தார்கள். அதன் மேல் புகைபோட்ட பன்றிக்கறித் துண்டு, ஓட்ஸும் கொழுப்பும் அடைத்த சாசேஜ், பக்கத்தில் வறுத்த உருளைக்கிழங்கு. நடந்த பசிக்கு அமிர்தமாக இருந்தது. சென்சி தட்டைத் துடைத்துவைத்தாள். விடுதிக்கார அம்மாள் வந்தாள். கேட்கவில்லை, கொள்ளவில்லை. தட்டில் அடுத்த மலையைக் குவித்துவிட்டுப் போய்விட்டாள்.

இங்கேதான் சென்சி மாட்டிக்கொண்டாள். தட்டில் மிச்சம் வைத்தால் மறுநாள் மழை பெய்யும், காலி பண்ணினால் வெயில் அடிக்கும் என்று சொல்லிச் சொல்லி அவளை வளர்த்திருந்தார்கள். பாஸாவில் ஒரு பருக்கை மிச்சம் வைத்தாலும் சமைத்தவள் முகம் வாடிவிடும். அதனால் இரண்டாவது மலையையும் முடித்தாள். மூன்றாவது வந்தது. மற்றவர்கள் தட்டோரத்தில் ஒரு துண்டு சாசேஜை ஒதுக்கி வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்து, வடக்கத்திக்காரர்களுக்குச் சாப்பாட்டு அருமை தெரியவில்லை என்று வருத்தப்பட்டாள். பந்திக்கு முந்தச் சொன்ன பெரியவர்கள், பந்தியிலிருந்து எழுந்திருக்கிற வழியைச் சொல்லிவைக்கவில்லை. நான்காவது தட்டை இடுப்புப் பட்டையைத் தளர்த்திக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு காலி பண்ணினாள். எதிரே உட்கார்ந்திருந்த ஓக்கோ அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காப்பி வந்தது. சென்சி மூச்சை இழுத்துக்கொண்டு எல்கே பக்கம் திரும்பினாள். ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று ஆரம்பிப்பதற்குள் ஓக்கோ எழுந்து நின்று கோப்பையைக் கரண்டியால் தட்டினார். அவர் கழுத்தில், பழுப்பு நிற நாடாவில், பன்றியின் தாடை எலும்பு ஒன்று தொங்கியது. அதில் சின்னச் சின்னத் தகர வில்லைகள் கோத்திருந்தன. போன வருஷத்துக் கோசு ராஜா அவர்தான். பந்தியில் அதிகம் தின்றவருக்கு அந்தப் பட்டம் என்பது வழக்கம். நாடாவைக் கழற்றி, மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து, சென்சியின் தலைவழியாக அதை மாட்டினார்.

“ராணி. ஹூபரம்மா,” என்றார்.

எல்லாரும் விரல் முட்டியால் மேஜையைத் தட்டினார்கள். அங்கே கைதட்டல் என்றால் அதுதான். விடுதி முழுக்க அதிர்ந்தது. சென்சிக்கு முகம் சிவந்தது. சந்தோஷமாக இருந்ததா, அவமானமாக இருந்ததா என்று அவளுக்கே பிடிபடவில்லை. பெருந்தீனிக்காரி என்று கேலி பண்ணுகிறார்களோ? அப்போது வீப்கே குனிந்து, அடுத்த வருஷப் பயணம் முழுக்க ராணியின் பொறுப்பு என்று விளக்கினாள். எந்த வழி, எந்த விடுதி, வண்டி, பந்து, சாராயம் எல்லாம் அவள்தான் பார்க்க வேண்டும். அதற்கப்புறம் அவள்தான் அடுத்த ராஜாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சென்சி எழுந்து நின்றாள். தாடை எலும்பு சட்டைப் பொத்தானில் இடித்தது.

“மன்னிச்சுக்குங்க. இது எனக்கு ஆகாது. நான் அடுத்த வருஷம் இங்க இருக்கமாட்டேன். எங்க ஊருக்கே திரும்பிப் போறதா முடிவு பண்ணிட்டேன்,” என்றாள். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. “அதோட நான் நியாயமா ஜெயிக்கவும் இல்ல. தட்டைக் காலி பண்ணினா இன்னும் போடுவாங்கன்னு எனக்குத் தெரியாது. மிச்சம் வெச்சா நாளைக்கு மழை வரும்னு பயந்து தின்னேன். இதை வீப்கேக்குக் குடுத்துடுங்க.”

யாரும் பேசவில்லை. அந்த ஊரின் மௌனங்கள் எல்லாவற்றையும் பார்த்தவள் அவள். இது அவற்றில் பெரியது.

முதலில் பேசியவர் பல் டாக்டர். ராஜா ராஜினாமா பண்ண முடியாது, அப்படி ஒரு வழக்கமே இல்லை என்றார். ரொட்டிக் கடைக்காரர் அதை மறுத்தார். அவருடைய சித்தப்பா ராஜாவாகி நடுவில் செத்துப்போனார், ஆனாலும் சித்தி முன்னின்று பயணத்தை நடத்தினாள், ஆகவே செத்தாலும் விலக்கில்லை என்று சொல்லி டாக்டர் பக்கமே போய்ச் சேர்ந்தார். எல்கே, பாஸாவிலிருந்து ரயில் இருக்கிறதே, வந்து நடத்திவிட்டுப் போகட்டும் என்றாள். டாக்டர் வீட்டுக்காரி, வாய்க்கால் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாதவள் ரயிலில் வந்து எப்படி வழி பார்ப்பாள் என்றாள். தெரியுமே, ரெண்டு தடவை நேராக அதற்குள்தானே எறிந்தாள் என்றாள் வீப்கே. மேஜை முழுக்கச் சிரித்தது. ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கே விழுந்து பேசினார்கள். சென்சி வாயடைத்து உட்கார்ந்திருந்தாள். இலையுதிர் காலத்தில் இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவள் கேட்ட பேச்சையெல்லாம் மூட்டை கட்டினாலும் இந்தக் காப்பி நேரத்துப் பேச்சுக்கு ஈடாகாது. அத்தனையும் அவளைப் பற்றி.

எல்கேதான் கடைசியில் நேராகக் கேட்டாள். “வேலை பிடிக்கலையா? நாங்க ஏதாவது தப்பு பண்ணிட்டோமா?”

சொல்லக் கூடாது என்று வைத்திருந்தது சென்சியின் வாயிலிருந்து தானாக வந்தது. “என் சைக்கிளை ஏன் குப்பைத்தொட்டிக்குப் பின்னாடி கொண்டு போய் வெக்கிறீங்க? அன்னிக்கு குப்பைப் பை வேற. நான் வேணாம்னா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம் இல்ல?”

வீப்கே புரியாமல் எல்கேயைப் பார்த்தாள். எல்கே ஓக்கோவைப் பார்த்தாள். ஓக்கோவின் காது இரண்டும் மெதுவாகச் சிவந்தன.

“மழை,” என்றார் ஓக்கோ.

அது போதாது என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்துவிட்டு மேலே பேசினார். “அந்தச் சுவத்துக்கு மேல கூரைத் தண்ணி ஊத்தும். நேரா சீட்டு மேல. கொட்டகைல ஈரம் படாது.”

“அந்தப் பை?”

“அன்னிக்கு முதுகு வலி. தூக்க முடியல.”

சென்சி அவரையே பார்த்தாள். எத்தனை சாயங்காலம் உலர்ந்த இருக்கையில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு மிதித்தாள் என்று நினைத்துப்பார்த்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” என்றாள்.

ஓக்கோ அதை நிஜமாகவே யோசித்தார். “நீங்க கேக்கலையே,” என்றார்.

சென்சி தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்த கண்ணில், மார்பில் கிடந்த தாடை எலும்பும் அதில் கோத்த தகர வில்லைகளும் பட்டன. ஒவ்வொன்றிலும் ஒரு ராஜாவின் பெயர். பழையவை கறுத்திருந்தன. கடைசியில் புதிதாக ஒன்று மினுங்கியது. அதில் ‘சென்சி’ என்று வெட்டியிருந்தது. ஹூபர் என்று இல்லை, கிரெசென்சியா என்றும் இல்லை. இந்த ஊரில் ஒருவர்கூட அவளை அந்தப் பெயரால் கூப்பிட்டது கிடையாது.

அவள் வில்லையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். “இந்தப் பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ஊர்லேருந்து போன் வந்தா ‘சென்சி பேசறேன்’னு சொல்லுவீங்க. பட்டறை வரைக்கும் கேக்கும்.”

“இதை எப்ப வெட்டினீங்க?”

“போன வாரம். காது அச்சு மெருகு போடற எந்திரத்துல.”

“நான் ஒரு வாய்கூடச் சாப்பிடறதுக்கு முன்னாடியேவா?”

“நாலு தட்டு தின்னது நல்லதாப் போச்சு. யாரும் சண்டைக்கு வரல,” என்றார் ஓக்கோ. “ராஜான்னா தின்றது இல்ல வேலை. அடுத்த வருஷம் இங்க இருக்கணும். அவ்ளோதான் வேலை.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஒரு மாதத்துப் பேச்சை ஒரே மூச்சில் செலவழித்துவிட்ட களைப்பு முகத்தில் தெரிந்தது. எல்கே அவர் கோப்பையை நிரப்பினாள். பிறகு எல்லாரும் வேறு பேச்சுக்குப் போனார்கள், அதாவது பேசாமல் இருந்தார்கள். போகாதே என்று யாரும் சென்சியைக் கெஞ்சவில்லை. திரும்பும் பஸ்ஸில் எலும்பைக் கழற்றிக் கொடுக்கச் சொல்லியும் யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மழை கொட்டியது. தின்ற நாலு தட்டும் வீண் என்று சென்சி ஜன்னலைப் பார்த்துத் திட்டினாள். வயிறு இன்னும் கனமாக இருந்தது. தாடை எலும்பை வீட்டு அடுக்களை ஆணியில் மாட்டிவிட்டு அதற்கு எதிரே தேநீரோடு உட்கார்ந்தாள். பாஸாவை நினைத்துக்கொண்டாள். அந்தத் தெரு, அந்த ரொட்டிக் கடை வாசல், கேட்காமலே எல்லாவற்றையும் சொல்லுகிற அந்த ஜனங்கள். புருஷன் வேறு வீடு பார்த்த சேதி அவளுக்குத் தெரிவதற்கு முன்னால் தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. அத்தனை பேரும் தினமும் அவளோடு வாய் ஓயாமல் பேசினார்கள். ஒருவர்கூட அதை அவளிடம் சொல்லவில்லை. அதை நினைத்தபோது முதல் தடவையாக அவளுக்கு அழுகை வராமல் கோபம் வந்தது. அப்புறம் கோபமும் போய்ப் பசி வந்தது.

திங்கட்கிழமை காலையிலும் தூறல். கடைக்குப் பின்னால் வந்து இறங்கினாள். தகரக் கொட்டகை காலியாகத்தான் கிடந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், அடுக்களை ஜன்னலுக்குக் கீழே, அதே சுவரில் சாத்திப் பூட்டினாள். உள்ளிருந்து பார்த்த வீப்கே, கொட்டகை இருப்பதுதான் இப்போது தெரியுமே என்றாள். தெரியும் என்று சொல்லிவிட்டு, அன்றைக்குப் பக்கத்து வீட்டுப் பூனை பண்ணின அட்டகாசத்தைச் சென்சி ஆரம்பித்தாள். பூனைக்குப் பேர் என்ன என்று வீப்கே கேட்டாள். அவள் கேட்ட முதல் கேள்வி அது.

மத்தியானம் ரூப்பெர்ட் கூப்பிட்டபோது மழை வலுத்திருந்தது. சென்சி அடுக்களை ஜன்னலோரம் நின்று பேசினாள்.

“சென்சி பேசறேன்.”

“என்ன, மூட்டை கட்டியாச்சா?”

“இல்ல ரூப்பெர்ட். நான் வரல. அந்தப் பையனை வேலைக்கு வெச்சுக்குங்க.”

“ஏன்டி? என்ன ஆச்சு உனக்கு?”

“பிப்ரவரில எனக்கு ஒரு வேலை இருக்கு.”

“இப்ப பிப்ரவரிதானே நடக்குது?”

“அடுத்த பிப்ரவரி.”

ரூப்பெர்ட் பாஸாவே கேட்கிற மாதிரி பெருமூச்சு விட்டார். அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றும், அந்த ஊர்க் குளிர் மண்டைக்குள் போய்விட்டது என்றும் சொன்னார். அப்புறம் அவர் குரல் தாழ்ந்தது. “பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்லைன்னு நீதானே சொன்னே? அங்க உனக்குன்னு யாரு இருக்கா, சொல்லு.”

அப்போது பட்டறைக் கதவு திறந்தது. ஓக்கோ தலையில் தொப்பிகூட இல்லாமல், வேலை செய்கிற வெள்ளை அங்கியோடு மழையில் இறங்கி வந்தார். சுவரோரம் நின்ற சைக்கிளைப் பார்த்தார். இருக்கையில் தேங்கியிருந்த தண்ணீரைக் கையால் வழித்துவிட்டார். பூட்டோடு அதைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஒரு கையை இடுப்பில் ஊன்றி, குப்பைத்தொட்டிகளைச் சுற்றிக்கொண்டு கொட்டகைக்குப் போனார்.

“இருக்காங்க,” என்றாள் சென்சி. கண் நிறைந்துவிட்டது. ரூப்பெர்டுக்கு அது தெரியாதபடி, அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்தாள்.

ஓக்கோ சொட்டச் சொட்ட உள்ளே வந்தார். அவள் ஒரு துண்டை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கித் தலையைத் துவட்டிக்கொண்டார்.

“முதுகு எப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

“பரவால்ல.”

“நாளைக்கும் மழையாம்.”

“பாத்துக்கலாம், சென்சி,” என்று சொல்லிவிட்டு ஓக்கோ பட்டறைக்குள் போனார்.